கன்ட்ரோல் செல்லிலேயே ஏஎம்பிகே பட்டை கனமாக வருகிறது: அளப்பது செல்லின் பசியையா, நாம் தந்த அதிர்ச்சியையா?

தரமணி_தசை

சி2சி12 சுண்டெலித் தசைச் செல். 6 வெல் பிளேட்டில் வளர்த்து, 2 சதவீதக் குதிரை சீரத்தில் 5 நாள் வைத்துத் தசைக்குழலாக்கிய பிறகு பரிசோதனை. கேள்வி ஒன்றுதான்: பால்மிடேட் கொழுப்பு ஊட்டிய தசைச் செல்லில், சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின், ஆற்றல் குறைவை உணரும் ஏஎம்பிகே நொதியை எழுப்புகிறதா?

வரும் விடை குழப்புகிறது. வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தை ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் சோதனை), ஏஎம்பிகே எழுந்ததற்கு அடையாளமான த்ரியோனின் 172 பாஸ்பரைலேற்றம் (அந்த இடத்தில் பாஸ்பேட் ஏறுவது) மருந்து தராத கன்ட்ரோலிலும் கனமான பட்டை, ஏஎம்பிகேவை எழுப்பும் அய்க்கார் 1 மில்லிமோலார் ஒரு மணி நேரம் கொடுத்ததிலும் அதே கனம், மெட்ஃபார்மின் 2 மில்லிமோலார் ஒரு மணி நேரத்திலும் அதே. மொத்த ஏஎம்பிகே எல்லா லேனிலும் சமம். லூசிஃபெரேஸ் கிட்டில் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி (அடினோசின் டிரைபாஸ்பேட்) பார்த்தால் அதிலும் வித்தியாசம் இல்லை.

செய்முறை: 25 மில்லிமோலார் குளுகோஸ் உள்ள டிஎம்இஎம் மீடியம். டிரிப்சின் போட்டு எடுத்து, 5 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ், பிபிஎஸ் உப்புக் கரைசலில் இரண்டு முறை கழுவி, செல்லை உடைக்கும் ரிப்பா பஃபரில் புரோட்டியேஸ் தடுப்பான் கலந்து ஐஸில் அரை மணி. பிளாட்டை 5 சதவீதப் பால் பவுடரில் பிளாக் செய்தேன். ஆன்டிபாடியை மாற்ற வேண்டுமா?

கிண்டி_உயிர்வேதி

ஆன்டிபாடியில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. முதலில் ஏடிபி ஏன் அசையவில்லை என்பதைப் பார்த்துவிடுவோம். அது புரிந்தால் மற்றதும் புரியும்.

செல்லில் ஏடிபி சில மில்லிமோலார் அளவில் இருக்கும். அதை அந்த அளவிலேயே நிறுத்தி வைப்பதற்காகத்தான் மொத்த ஏற்பாடும். அதனால் ஏடிபி குறைகிறதா என்று காத்திருக்கும் செல் பிழைக்காது. குறைந்தது தெரியும்போது நேரம் கடந்திருக்கும். செல் கவனிப்பது ஏஎம்பியை, அதாவது ஒரே பாஸ்பேட் உள்ள அடினோசின் மோனோபாஸ்பேட்டை. அடினைலேட் கைனேஸ் என்ற நொதி இரண்டு ஏடிபியை, மன்னிக்கவும், இரண்டு ஏடிபி அல்ல, இரண்டு அடினோசின் டைபாஸ்பேட்டை எடுத்து ஒரு ஏடிபியும் ஒரு ஏஎம்பியும் ஆக்குகிறது. தமிழில் சுருக்கி எழுதும்போது டிரைபாஸ்பேட், டைபாஸ்பேட் இரண்டுமே ஏடிபி என்று வருவதால், இனி ஏடிபி என்றால் டிரைபாஸ்பேட், மற்றதை டைபாஸ்பேட் என்றே முழுதாக எழுதுகிறேன்.

இந்த வினையின் சமநிலை மாறிலியைத் தோராயமாக 1 என்று வைத்து ஒரு கணக்கு போடலாம். ஏடிபி 5 மில்லிமோலார், கட்டுப்படாத டைபாஸ்பேட் 0.05 மில்லிமோலார் என்றால் ஏஎம்பி வெறும் 0.5 மைக்ரோமோலார். இப்போது ஏடிபி 5 சதவீதம் மட்டும் குறைந்து 4.75 ஆகட்டும். டைபாஸ்பேட் சுமார் 0.28 மில்லிமோலாருக்குப் போகும், கிட்டத்தட்ட 6 மடங்கு. ஏஎம்பி சுமார் 17 மைக்ரோமோலாருக்கு ஏறும், 30 மடங்குக்கும் மேல். ஏஎம்பி, டைபாஸ்பேட் அளவின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால் இப்படி. ஏடிபியில் 5 சதவீதம் உங்கள் கிட்டின் பிழை வரம்புக்குள்ளேயே மறைந்துபோகும். அதே நேரத்தில் ஏஎம்பிகேவுக்கு அது அபாய மணி.

ஏஎம்பிகேவின் காமா துணைக்கூறில் ஏஎம்பி, டைபாஸ்பேட், ஏடிபி மூன்றும் ஒரே இடங்களுக்குப் போட்டி போடும். ஏஎம்பி உட்கார்ந்தால் மூன்று காரியம் நடக்கும். எல்கேபி1 கைனேஸ் (கைனேஸ் என்பது பாஸ்பேட் ஏற்றும் நொதி) த்ரியோனின் 172-இல் பாஸ்பேட் ஏற்றுவது எளிதாகும், ஏற்றிய பாஸ்பேட்டை பாஸ்பட்டேஸ் கழற்றுவது தடைப்படும், பாஸ்பேட் ஏறிய நொதியின் வேகமும் நேரடியாகப் பன்மடங்கு கூடும். மூன்றாவது விளைவு வெஸ்டர்னில் தெரியாது. சாறு எடுத்ததும் ஏஎம்பி நீர்த்துப் போய்விடும். அதனால்தான் த்ரியோனின் 172 மட்டும் பார்க்காமல், ஏஎம்பிகே தன் வேலையைச் செய்ததா என்பதற்கு அது பாஸ்பேட் ஏற்றும் ஏசிசி நொதியின் செரின் 79-ஐயும் பார்க்கச் சொல்வார்கள்.

அய்க்கார் விஷயத்தில் இன்னொன்று. அது செல்லுக்குள் போய் அடினோசின் கைனேஸால் பாஸ்பேட் ஏறி இசட்எம்பி ஆகி, ஏஎம்பி போல நடிக்கிறது. ஏடிபி குறைய வேண்டிய அவசியமே இல்லை. ஆக அய்க்கார் லேனில் ஏடிபி மாறாதது சரியான முடிவுதான்.

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஹார்வர்டில் ஃபிஸ்கேவோடு சேர்ந்து அவர் 1925-இல் உருவாக்கிய பாஸ்பேட் அளக்கும் முறையால்தான் தசையில் பாஸ்போகிரியேட்டினும், 1929-இல் ஏடிபியும் அவர்கள் கைக்கு அகப்பட்டன. அதே ஆண்டு ஜெர்மனியில் லோமனும் ஏடிபியைத் தனியாகக் கண்டார். அந்த மாலிப்டேட் நீல நிற முறையை இன்றும் இந்த ஊர் லேப்களில் பிள்ளைகள் செய்கிறார்கள். யார் தந்த முறை என்று சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும்.

பட்டை_பார்ப்பவர்

செய்முறையைப் படித்ததுமே காரணம் தெரிகிறது. டிரிப்சின், சென்ட்ரிஃப்யூஜ், இரண்டு முறை கழுவல் எல்லாம் சேர்ந்து குறைந்தது 15 நிமிடம். அந்த 15 நிமிடமும் செல்லுக்கு குளுகோஸ் இல்லை, பிடிமானம் இல்லை, டியூப் அடியில் குவிந்து கிடப்பதால் ஆக்சிஜனும் இல்லை. ஏஎம்பிகே எழ ஓரிரு நிமிடம் போதும். உங்கள் மூன்று லேனிலும் தெரிவது அறுவடையின் அதிர்ச்சி. மருந்து சொல்ல வந்தது அதற்குள் மூழ்கிவிட்டது.

பாஸ்பரைலேற்றம் பார்க்கும் வேலையில் டிரிப்சின் வேண்டாம். இப்படிச் செய்யுங்கள்.

பிளேட்டை இன்குபேட்டரிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். நான்கு பிளேட்டை வெளியே அடுக்கி வைத்தால் நான்காவது பிளேட் பத்து நிமிடம் குளிர்ந்து, கார்பன் டை ஆக்சைடு இழந்து, பிஎச் ஏறி நிற்கும். பிளேட்டைச் சாய்த்து ஓரத்தில் சேரும் மீடியத்தை உறிஞ்சுங்கள். கழுவ வேண்டாம். கட்டாயம் கழுவத்தான் வேண்டும் என்றால் ஐஸ் குளிர்ச்சியான பிபிஎஸ் ஒரே ஒரு தடவை, 3 வினாடிக்கு மேல் வேண்டாம். உடனே ஒரு வெல்லுக்கு 150 மைக்ரோலிட்டர் ஐஸ் குளிர் லைசிஸ் பஃபர். உறிஞ்சியதிலிருந்து பஃபர் விழும்வரை 10 வினாடிக்குள் முடிய வேண்டும். பிறகு பிளேட்டை ஐஸ் மேல் வைத்து ஸ்கிரேப்பரால் வழித்து, டியூபில் எடுத்து, திரவ நைட்ரஜனில் போட்டுவிடுங்கள். எல்லா மாதிரியும் சேர்ந்த பிறகு உருக்கி, 4 டிகிரியில் 13,000 ஜி, 10 நிமிடம்.

பஃபர்: டிரிஸ் 50 மில்லிமோலார் பிஎச் 7.5, சோடியம் குளோரைடு 150, இடிடிஏ 1, இஜிடிஏ 1, சோடியம் ஃபுளோரைடு 50, சோடியம் பைரோபாஸ்பேட் 5, ஆர்த்தோவனடேட் 1 (எல்லாம் மில்லிமோலாரில்), டிரைட்டான் 1 சதவீதம், புரோட்டியேஸ் தடுப்பான். டிடிடீ 1 மில்லிமோலார் வேண்டுமென்றால் எடுக்கும் அன்று சேர்க்கலாம். நீங்கள் போட்டது புரோட்டியேஸ் தடுப்பான் மட்டும். அது புரதம் அறுபடாமல் காக்கும், பாஸ்பேட் கழலாமல் காக்காது. செரின், த்ரியோனின் பாஸ்பேட்டைக் காப்பது ஃபுளோரைடும் பைரோபாஸ்பேட்டும். வனடேட் முக்கியமாக டைரோசினுக்கு. பலர் வனடேட் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். த்ரியோனின் 172-க்கு அது போதாது.

இதைவிடப் பத்திரமான வழியும் உண்டு: 95 டிகிரிக்குச் சூடாக்கிய எஸ்டிஎஸ் சாம்பிள் பஃபரை நேராக வெல்லில் ஊற்றுவது. நொதிகள் எல்லாம் அந்த நொடியே செத்துவிடும். சிரமம் இரண்டு. டிஎன்ஏ வெளிவந்து கஞ்சி போலக் குழகுழப்பாகும், 25 கேஜ் ஊசியில் ஏழெட்டுத் தடவை இழுத்துவிட வேண்டும். புரத அளவீடும் அந்த பஃபரில் சரியாக வராது, அதனால் மொத்த ஏஎம்பிகேவை வைத்துத்தான் சமன் செய்ய முடியும்.

புரத அளவீடு பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டிரைட்டான் 1 சதவீதம் பிராட்ஃபோர்டைக் கெடுக்கும், டிடிடீ பிசிஏவைக் கெடுக்கும். மாதிரியை 20 மடங்கு நீர்த்து, பிளாங்கிலும் ஸ்டாண்டர்டிலும் அதே அளவு பஃபரைச் சேர்த்தால் சரியாகும்.

கடைசியாகப் பால். பாலில் கேசீன் இருக்கிறது, அதுவே பாஸ்பேட் நிறைந்த புரதம். பாஸ்போ ஆன்டிபாடிக்கு 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு சீரத்தின் ஆல்புமின் புரதம்), டிபிஎஸ்ட்டீ கரைசலில். பிபிஎஸ் வேண்டாம்.

தரமணி_தசை

நன்றி. மூன்று சந்தேகம். ஒன்று, லேபில் இருக்கும் வனடேட் ஸ்டாக் மஞ்சளாக இருக்கிறது, போடலாமா? இரண்டு, மருந்து போடும்போது மீடியத்தை மாற்றிவிட்டுத்தான் போடுகிறேன், அது பாதிக்குமா? மூன்று, பக்கத்து லேபில் ஹீலா (மனிதப் புற்றுநோய்) செல் தாராளமாக இருக்கிறது, அதைப் பாசிட்டிவ் கன்ட்ரோலாக வைக்கலாமா?

பட்டை_பார்ப்பவர்

மஞ்சள் என்றால் வனடேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து டெகாவனடேட் ஆகிவிட்டது. பாஸ்பட்டேஸைத் தடுக்கும் வடிவம் அதுவல்ல. சரிசெய்வது சுலபம். 200 மில்லிமோலார் கரைசலை பிஎச் 10-க்குக் கொண்டுவாருங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விழுந்ததுமே அந்த இடம் மஞ்சளாகும். கொதிக்க வையுங்கள், நிறம் போய்த் தண்ணீர் போலத் தெளியும். ஆறியதும் பிஎச் பாருங்கள், இறங்கியிருக்கும், மறுபடி 10-க்கு ஏற்றுங்கள், மறுபடி மஞ்சளானால் மறுபடி கொதி. ஆறிய பிறகும் நிறமில்லாமல், பிஎச் 10-லேயே நின்றால் முடிந்தது. சிறு சிறு டியூபாகப் பிரித்து மைனஸ் 20. இடிடிஏவும் டிடிடீயும் வனடேட்டை முடக்கும் என்பதால் பஃபரில் கடைசியாகச் சேருங்கள்.

மீடியம் மாற்றியதுமே மருந்து போடக் கூடாது. புதிய மீடியம், புதிய சீரம், பிளேட் ஆட்டம் எல்லாமே செல்லுக்குச் செய்தி. முந்தின இரவு மாற்றுங்கள், அல்லது குறைந்தது 3 மணி நேரம் முன்னால். மருந்தை 10 மடங்கு செறிவில் அதே மீடியத்தில் கரைத்து, 2 மில்லிக்கு அதற்கேற்ற அளவு மெதுவாக ஓரத்தில் விடுங்கள். கன்ட்ரோலுக்கும் வெறும் கரைப்பானை அதே மாதிரி விட வேண்டும். 5 நாள் முதிர்ந்த தசைக்குழல் அடர்த்தியாக இருக்கும், குளுகோஸைச் சீக்கிரம் தின்றுவிடும். மீடியம் மஞ்சளடித்த பிளேட்டைப் பரிசோதனைக்கே எடுக்காதீர்கள்.

கிண்டி_உயிர்வேதி

ஹீலா வேண்டாம். ஹீலாவில் எல்கேபி1 இல்லை, ஏ549 புற்றுநோய்ச் செல்லிலும் பழுதான எல்கேபி1. அவற்றில் அய்க்காரோ மெட்ஃபார்மினோ கொடுத்து, பட்டை வரவில்லை, மருந்து கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. கால்சியம் வழியாக காம்கேகே2 கைனேஸ் ஏற்றும் பாஸ்பேட் மட்டுமே அங்கே வரும், அதற்கு அயனோமைசின் கொடுக்க வேண்டும்.

உங்கள் செல்லிலேயே பாசிட்டிவ் கன்ட்ரோல் வையுங்கள்: 2-டீஆக்சிகுளுகோஸ் 25 மில்லிமோலார், 15 நிமிடம். ஹெக்சோகைனேஸ் அதற்கு ஏடிபி செலவழித்துப் பாஸ்பேட் ஏற்றும், மேற்கொண்டு போக வழி இல்லாமல் அது தேங்கும். செலவு மட்டும், வரவு இல்லை. இதில் பட்டை ஏறவில்லை என்றால் கோளாறு உங்கள் கையில், மருந்தில் இல்லை.

ஏடிபியையும் விடாமல் பார்க்க வேண்டுமென்றால் கிட்டை விட்டுவிட்டு, 0.5 மோலார் குளிர் பெர்குளோரிக் அமிலத்தில் எடுத்து, பொட்டாசியம் கார்பனேட்டால் நடுநிலையாக்கி, வெள்ளையாகப் படியும் பொட்டாசியம் பெர்குளோரேட்டை நீக்கி, எச்பிஎல்சியில் 260 நானோமீட்டரில் மூன்று நியூக்ளியோடைடையும் அளங்கள். அட்கின்சன் சொன்ன ஆற்றல் மின்னேற்றம், அதாவது ஏடிபியோடு டைபாஸ்பேட்டில் பாதியைக் கூட்டி மூன்றின் மொத்தத்தால் வகுத்தது, ஆரோக்கியமான செல்லில் 0.8-க்கு மேல், 0.95 வரை இருக்கும். கன்ட்ரோலில் 0.6 வந்தால் செல் பட்டினி என்று எழுதாதீர்கள், எடுக்கும்போது ஏடிபி உடைந்திருக்கிறது. இன்னொரு எச்சரிக்கை: அமிலத்தில் வரும் டைபாஸ்பேட்டில் பெரும்பகுதி ஆக்டின் போன்ற புரதங்களோடு ஒட்டியிருந்தது. செல்லுக்குள் சுதந்திரமாகத் திரிந்தது அதில் சிறு பங்குதான். மேலே நான் போட்ட கணக்கு அந்தச் சுதந்திரப் பங்கை வைத்து.

அடையாறு_மைட்டோ

அறுவடையைச் சரிசெய்தாலும் இந்த ஏற்பாட்டில் மெட்ஃபார்மின் பெரிதாக எதையும் காட்டாது. மீடியத்தைப் பாருங்கள். 25 மில்லிமோலார் குளுகோஸ் என்றால் 18-ஆல் பெருக்கி டெசிலிட்டருக்கு 450 மில்லிகிராம். ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டில் 450 என்று இருந்தால் டாக்டர் அன்றே ஆஸ்பத்திரியில் சேரச் சொல்வார். நாம் அதைச் சாதாரண கன்ட்ரோல் என்கிறோம்.

இவ்வளவு குளுகோஸில் செல் மைட்டோகாண்ட்ரியாவைப் பெரிதும் நம்பாமல் கிளைகாலிசிஸிலேயே (ஆக்சிஜன் இல்லாமலே குளுகோஸை உடைக்கும் பாதை) ஓட்டிவிடும், கிராப்ட்ரீ விளைவு. மெட்ஃபார்மின் தடுப்பது சுவாசச் சங்கிலியின் முதல் காம்ப்ளெக்ஸை. மாற்று வழி தாராளமாகத் திறந்திருக்கும்போது இந்த வழியை அடைத்தால் செல்லுக்கு வலிக்காது. குளுகோஸ் 5.5 மில்லிமோலாருக்கு இறங்குங்கள். தசைக்குழலாக மாறிய பிறகு 24 மணி நேரம் முன்னால் மாற்றினால் போதும்.

நேரமும் போதாது. மெட்ஃபார்மின் நேர்மின்னேற்றம் உள்ள மூலக்கூறு. சவ்வைத் தானாகக் கடக்காது, ஓசிடி வகைக் கடத்திகள் வேண்டும். ஈரலில் அவை நிறைய, சி2சி12-இல் குறைவு. உள்ளே போன பிறகும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு மின்னழுத்தம் இழுத்து இழுத்து மெல்லச் சேர வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒன்றும் தெரியாதது இயல்பு. 4, 8, 16 மணி என்று பாருங்கள்.

மைட்டோகாண்ட்ரியா உண்மையிலேயே தடைபட்டதா என்பதை, செல்லின் ஆக்சிஜன் செலவை அளக்கும் சீஹார்ஸ் மெஷினில் நேராகப் பார்க்கலாம். 96 வெல் பிளேட்டில் தொடக்க அளவு 180 மைக்ரோலிட்டர். மருந்து விடும் முதல் துளையில், ஏடிபி உற்பத்தியை நிறுத்தும் ஒலிகோமைசின், வெல்லில் 1 முதல் 1.5 மைக்ரோமோலார் வருமாறு. இரண்டாவதில் சுவாசத்தை உச்சத்துக்கு விரட்டும் எஃப்சிசிபி. மூன்றாவதில் சுவாசச் சங்கிலியை அடைக்கும் ரோட்டினோனும் ஆன்டிமைசினும் தலா 0.5. துளைகளில் முறையே 20, 22, 25 மைக்ரோலிட்டர் போட்டால் ஒவ்வொன்றும் 10 மடங்கு ஸ்டாக்காகக் கணக்கு சரியாக விழும். மீடியத்தில் பைகார்பனேட் இருக்கக் கூடாது, பிஎச் 7.4, குளுகோஸ் 5.5 அல்லது 10, பைருவேட் 1, குளூட்டமின் 2 மில்லிமோலார். ஒரு மணி நேரம் கார்பன் டை ஆக்சைடு இல்லாத 37 டிகிரி இன்குபேட்டரில்.

கவிழ்வது எங்கே என்றால் எஃப்சிசிபியில். கொஞ்சம் போதாவிட்டால் சுவாசம் உச்சத்துக்கு ஏறாது. கொஞ்சம் கூடினால் ஏறிவிட்டு உடனே சரியும், சிலசமயம் ஏறாமலே சரியும். அந்தச் சரிவைப் பார்த்து 'இந்தச் செல்லுக்கு உபரிச் சுவாசத் திறன் இல்லை, மைட்டோகாண்ட்ரியா நோயுற்றது' என்று எழுதிவிடுகிறார்கள். 0.25, 0.5, 1, 1.5, 2 மைக்ரோமோலார் என்று முதலில் ஒரு நாள் ஒதுக்கி உங்கள் செல்லுக்கு உரிய அளவைப் பாருங்கள். பால்மிடேட்டோடு வரும் பிஎஸ்ஏ எஃப்சிசிபியை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அதனால் பிஎஸ்ஏ உள்ள மீடியத்துக்குத் தனியாக அளவு பார்க்க வேண்டும். ஒரே அளவை இரண்டுக்கும் போட்டால் கொழுப்பு ஊட்டிய குழுவில் உச்சம் பொய்யாகக் குறையும்.

தசைக்குழல் கழுவும்போது உரிந்து வரும். கழுவுகையில் முழுவதும் வற்றவிடாமல் 20 மைக்ரோலிட்டராவது அடியில் விட்டுவிடுங்கள். முடிந்ததும் மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொரு வெல்லையும் பார்த்து உரிந்ததைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். மிச்சத்தை வெல்லின் டிஎன்ஏ அளவால் சமன் செய்யுங்கள்.

இதெல்லாம் வசதிப்படாவிட்டால் எளிய வழி கேலக்டோஸ். குளுகோஸை எடுத்துவிட்டு 10 மில்லிமோலார் கேலக்டோஸ். கேலக்டோஸில் கிளைகாலிசிஸிலிருந்து நிகர ஏடிபி பூச்சியம், அதனால் செல் மைட்டோகாண்ட்ரியாவை நம்பியே ஆக வேண்டும்.

கிண்டி_உயிர்வேதி

> கேலக்டோஸில் கிளைகாலிசிஸிலிருந்து நிகர ஏடிபி பூச்சியம்

இது எல்லா இடத்திலும் எழுதப்படுகிறது, ஆனால் தவறு. கணக்குப் பாருங்கள். கேலக்டோகைனேஸ் ஒரு ஏடிபி செலவழிக்கிறது. அடுத்து யூடிபி-குளுகோஸோடு இடமாற்றம், அங்கே ஏடிபி செலவில்லை, ஏனென்றால் யூடிபி-கேலக்டோஸை எபிமரேஸ் திரும்ப யூடிபி-குளுகோஸாக்குகிறது. குளுகோஸ்-1-பாஸ்பேட் 6-பாஸ்பேட்டாகிறது, செலவில்லை. அதன் பிறகு பாஸ்போஃபிரக்டோகைனேஸில் ஒன்று. ஆக செலவு 2, வரவு 4, நிகரம் 2. குளுகோஸுக்கும் அதே 2தான். கேலக்டோஸ் செல்லை மைட்டோகாண்ட்ரியாவின் பக்கம் தள்ளுவது, அந்தப் பாதை மெதுவாக ஓடுவதால். பாதையில் சரக்கு குறைவாகப் போகிறது, ஒரு சரக்குக்குக் கிடைக்கும் கூலி குறையவில்லை.

அடையாறு_மைட்டோ

ஒப்புக்கொள்கிறேன், அந்த வரியைத் திருத்திக்கொள்ளுங்கள். நடைமுறையில் மாறாதது: சாதாரண சீரத்தில் குளுகோஸ் இருக்கிறது, டயாலிசிஸ் செய்த சீரம் போடாவிட்டால் கேலக்டோஸ் மீடியம் என்பது பெயரளவில்தான். சுவாசச் சங்கிலிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் தோல் ஃபைப்ரோபிளாஸ்ட் குளுகோஸில் நன்றாக வளர்ந்து, கேலக்டோஸுக்கு மாற்றினால் சில நாளில் சாகும். அந்தச் சோதனையின் அடிப்படையே இதுதான்.

மயிலை_மருத்துவர்

நோய்ப் பக்கத்திலிருந்து சில விஷயம். முதலில் ஒரு மறுப்பு. 'ஏடிபி அசையாது, ஏஎம்பிதான் செய்தி' என்பது பெரும்பாலான செல்லுக்குச் சரி. கணையத்தின் பீட்டா செல்லுக்குப் பொருந்தாது. அந்தச் செல் வேண்டுமென்றே சர்க்கரைக்கு ஏற்ப ஏடிபியை அசையவிடுகிறது. அதன் குளுகோகைனேஸ் பாதி வேகத்தை எட்டவே சுமார் 8 மில்லிமோலார் குளுகோஸ் வேண்டும், அதாவது 145 மில்லிகிராம் அளவில். மற்ற ஹெக்சோகைனேஸ்போல விளைபொருளால் தடைபடுவதும் இல்லை. அதனால் சர்க்கரை ஏற ஏற எரிப்பும் ஏறும், ஏடிபிக்கும் டைபாஸ்பேட்டுக்கும் உள்ள விகிதம் ஏறும், கேஏடிபி பொட்டாசியம் வாயில் மூடும், சவ்வின் மின்னழுத்தம் மாறும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் வெளியே வரும்.

இந்தப் பாதையில் எந்த இடம் பழுது என்று தெரிந்தால் சிகிச்சையே மாறுகிறது. குளுகோகைனேஸ் ஜீனில் ஒரு பிரதி பழுதானவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும், அளவுகோல் தள்ளி வைக்கப்பட்ட மாதிரி. கர்ப்ப காலம் தவிரப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வரும் குழந்தைகளில் ஒரு பகுதிக்கு அந்தப் பொட்டாசியம் வாயிலின் கேசிஎன்ஜே11 ஜீன் பழுது. ஏடிபி வந்தும் வாயில் மூடாது. கிளிபென்கிளமைடு மாத்திரை அந்த வாயிலை வேறு வழியில் மூடும், பல குழந்தைகளுக்கு இன்சுலின் ஊசியை நிறுத்த முடிகிறது. ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் என்றால் ஜீன் பரிசோதனை கேளுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஏஎம்பிகே பக்கம் பழுதானால் என்ன ஆகும்? காமா2 துணைக்கூறின் பிஆர்கேஏஜி2 ஜீனில் மாற்றம் வந்தால் இதயத் தசையில் கிளைகோஜன் குவிந்து, சுவர் தடித்து, ஈசிஜியில் வுல்ஃப்-பார்க்கின்சன்-ஒயிட் வடிவம் வரும். உணர்வி மழுங்கினால் மட்டும் நோய் என்றில்லை, ஓயாமல் ஒலித்தாலும் நோய். எல்கேபி1 ஜீனைப் பிறவியிலேயே ஒரு பக்கம் இழந்தவர்களுக்கு உதட்டில் கரும்புள்ளிகளும் குடலில் பாலிப்களும் வரும் பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோய்.

மெட்ஃபார்மின் அளவைப் பற்றி: வழக்கமான மாத்திரை அளவில் ரத்தத்தில் சேருவது சுமார் 10 முதல் 20 மைக்ரோமோலார். நீங்கள் போடுவது 2,000. குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் ரத்தத்தில் அதைவிடக் கூடுதலாக இருக்கும், ஆனால் தசைக்கு அது எட்டாது. பிளேட்டில் 2 மில்லிமோலார் போட்டு வந்த முடிவை 'நோயாளியின் தசையில் இதுதான் நடக்கிறது' என்று எழுதினால் தீசிஸ் வைவாவில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். 2010-இல் வெளியான ஆய்வில் ஏஎம்பிகேவும் எல்கேபி1-உம் இல்லாத சுண்டெலி ஈரலிலும் மெட்ஃபார்மின் குளுகோஸ் உற்பத்தியைக் குறைத்தது. ஆகவே பட்டை ஏறியது வேறு, அந்தப் பட்டைதான் பலனுக்குக் காரணம் என்பது வேறு. இரண்டாவதைச் சொல்ல ஏஎம்பிகே நீக்கிய செல் வேண்டும். ஏஎம்பிகே தடுப்பானான காம்பவுண்ட் சி போட்டுத் தடுத்தேன் என்பது போதாது, அது வேறு பல கைனேஸையும் தடுக்கும்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஐசிஎம்ஆர் இண்டியாப் ஆய்வு 2023-இல் சொன்னது. நம் சென்னையிலிருந்து நடத்தப்பட்ட ஆய்வு அது. இந்த மாத்திரை எவ்வளவு வயிற்றுக்குள் போகிறது என்று நினைத்தால், இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்பதற்கு ஒரு மாதம் கூடுதலாகச் செலவானாலும் தகும்.

தரமணி_தசை

சொன்னபடி மாற்றிச் செய்தேன். 5.5 குளுகோஸ், நேரடி லைசிஸ், ஃபுளோரைடு, பிஎஸ்ஏ. கன்ட்ரோல் பட்டை நூல் போல மெலிந்துவிட்டது. 2-டீஆக்சிகுளுகோஸிலும் அய்க்காரிலும் தெளிவாக ஏறியது. மெட்ஃபார்மின் 0.5 மில்லிமோலார், 16 மணியில் மிதமாக ஏறுகிறது, 1 மணியில் இல்லை.

மிச்சச் சிக்கல்: ஏசிசி செரின் 79 பட்டையே தெரியவில்லை. 10 சதவீத ஜெல், செமி டிரை டிரான்ஸ்ஃபர் 30 நிமிடம். இன்னொன்று, பால்மிடேட் குழுவில் சில பிளேட்டில் செல் மேல் பொடி பொடியாகப் படிந்திருக்கிறது.

பட்டை_பார்ப்பவர்

ஏசிசி 265 முதல் 280 கிலோடால்டன். 10 சதவீத ஜெல்லில் அது வாசலைத் தாண்டியிருக்காது, 30 நிமிட செமி டிரையில் மெம்பரேனுக்கும் வந்திருக்காது. 6 சதவீத ஜெல், ஈர டிரான்ஸ்ஃபர், மெத்தனாலை 10 சதவீதத்துக்குக் குறைத்து, எஸ்டிஎஸ் 0.05 சதவீதம் சேர்த்து, 4 டிகிரி அறையில் 30 வோல்ட்டில் இரவு முழுக்க. பிவிடிஎஃப் மெம்பரேனை முதலில் மெத்தனாலில் நனைக்க மறக்காதீர்கள். ஏஎம்பிகே 62 கிலோடால்டன், அதற்குத் தனி ஜெல் ஓட்டுங்கள். ஒரே ஜெல்லில் இரண்டையும் பார்க்கும் ஆசை இரண்டையும் கெடுக்கும்.

ஏசிசி பட்டை உங்கள் கேள்விக்கே நடுநாயகம். ஏஎம்பிகே அதில் பாஸ்பேட் ஏற்றினால் மலோனைல்-கோஏ குறையும், சிபிடி1 மேல் உள்ள தடை விலகும், கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் எரியும். பால்மிடேட் ஊட்டிய தசையில் இது நடக்கிறதா என்பதுதானே நீங்கள் கேட்க வந்தது.

அடையாறு_மைட்டோ

பொடி என்பது பிஎஸ்ஏவோடு சேராத பால்மிடேட். அது உருகவே 63 டிகிரி வேண்டும், அதனால் ஆறினால் உறைந்துவிடும். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 100 மில்லிமோலார் பால்மிடேட், 70 டிகிரியில் கலங்கல் இல்லாமல் தெளியும்வரை. பக்கத்து வாட்டர் பாத்தில் கொழுப்பு அமிலம் நீக்கிய 10 சதவீத பிஎஸ்ஏ 55 டிகிரியில். 1-க்கு 19 பங்கு என்று சூடாக இருக்கும்போதே சொட்டுச் சொட்டாகச் சேர்த்து 10 வினாடி வோர்டெக்ஸ், மறுபடி 10 நிமிடம் 55-இல். இப்போது 5 மில்லிமோலார் பால்மிடேட், பிஎஸ்ஏவோடு விகிதம் சுமார் 3.5-க்கு 1. மீடியத்தில் 10 மடங்கு நீர்த்தால் 0.5 மில்லிமோலார். மைனஸ் 20-இல் வைத்ததை எடுத்தால் 55-இல் கால் மணி நேரம் சூடாக்கிய பிறகே போடுங்கள். கன்ட்ரோல் குழுவுக்கு அதே அளவு பிஎஸ்ஏவும் அதே ஹைட்ராக்சைடும். இல்லையென்றால் நீங்கள் ஒப்பிடுவது கொழுப்பை அல்ல, பிஎஸ்ஏவை.

நேரம் கூடினால் பால்மிடேட் மட்டுமே செல்லைக் கொல்லும். 16 மணி நேரத்தில் உரிந்து மிதக்கும் செல் கண்ணில் பட்டால் 0.25-க்கு இறங்குங்கள். சாகும் செல்லிலும் ஏஎம்பிகே எழும், அதை மருந்தின் பலனாக எண்ணிவிட வேண்டாம்.

கிண்டி_உயிர்வேதி

கத்திரி வெயில் மாதத்தில் செய்வதாக இருந்தால் ஒரு வார்த்தை. ஐஸ் மெஷின் ஒரு மாடியில், செல் கல்ச்சர் அறை இன்னொரு மாடியில் என்றால், போய் வருவதற்குள் பஃபர் வைத்த ஐஸ் பாதி தண்ணீராகி டியூப் மிதக்கும். பஃபரை ஐஸும் உப்பும் கலந்த தட்டில், பிளேட் பக்கத்திலேயே வையுங்கள். சீஹார்ஸ் அறையில் ஏசி நின்றால் அந்த ஓட்டத்தையே விட்டுவிடுங்கள், மெஷினுக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. மின்வெட்டில் இன்குபேட்டர் 15 நிமிடம் நின்று மறுபடி வந்திருந்தால் டிஸ்ப்ளே 37 காட்டும், ஆனால் கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதத்துக்குத் திரும்பி மீடியத்தின் பிஎச் நிலைக்க நேரமாகும். அன்று அறுவடை வேண்டாம்.

லேன் வரிசையையும் அறுவடை வரிசையையும் ஒன்றாக வைக்காதீர்கள். கன்ட்ரோலை எப்போதும் முதலில், மருந்தை எப்போதும் கடைசியில் எடுத்தால், வெளியே நின்ற நேரமே மருந்தின் பலனாகத் தெரியும். மூன்று தனித்தனி நாளில், ஒவ்வொரு நாளும் வரிசையை மாற்றி, ஒவ்வொரு வெல்லுக்கும் மீடியம் உறிஞ்சிய நேரத்தையும் பஃபர் விழுந்த நேரத்தையும் நோட்டில் வினாடிக் கணக்கில் எழுதுங்கள். பட்டை ஏறிய லேன்களையும் அந்த வினாடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறினால் அந்த நாள் முடிவைச் சேர்க்காதீர்கள்.

தரமணி_தசை

6 சதவீத ஜெல் இன்று ஊற்றியாகிவிட்டது. இரவு 4 டிகிரி அறையில் டிரான்ஸ்ஃபர். ஏசிசி பட்டை வந்ததும் மூன்று நாள் பிளாட்டையும் வினாடிக் குறிப்போடு இதே இழையில் போடுகிறேன்.